மஞ்சள் ஒட்டகம்

ஆபீஸில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வாய்க்காக வைத்த பெயர் என்று சிலர் கிளப்பிவிட்டிருந்தார்கள். அது பொய், மென்பொருள் திரைகளை வரைகிற அவள் வேலைக்காக வைத்தது. திரையில் தேவையில்லாமல் எது கிடந்தாலும் அவள் கண்ணில் பட்டால் தீர்ந்தது, வெட்டிவிடுவாள். இந்த முறை அவளிடம் வந்து சேர்ந்தது லேசுப்பட்ட திரை இல்லை. தங்கள் விளம்பரம் எப்படிப் போகிறது என்று கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வதற்காக அவளுடைய கம்பெனி விற்கிற மென்பொருளின் முகப்பு அது. டாஷ்போர்டு என்று கௌரவமாகச் சொல்வார்கள், திறந்து பார்த்தால் ஒட்டடை அடிக்காத பரண். மெயிலைத் திறந்தவர்கள் எத்தனை பேர், திறக்காமலேயே குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், எந்த போனில் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு ஏறும், ஒரு கோடு இறங்கும். எது ஏறினால் நல்லது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். வந்துபோன மேனேஜர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கட்டத்தை ஞாபகார்த்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எதை வெட்டலாம் என்று முடிவு செய்ய, வாடிக்கையாளர்கள் இந்தத் திரையில் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு ரெக்கார்டிங் வசதி இருந்தது. அவர்களுடைய மவுஸ் அம்புக்குறி எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எதை அழுத்துகிறது, எல்லாம் படம் மாதிரி ஓடும். விருப்பப்பட்டால் நடக்கும்போதே பார்க்கலாம். ஆனால் ஆள் யார் என்று தெரியாது. பெயரை மறைத்து, ஒரு நிறத்தையும் ஒரு மிருகத்தையும் சேர்த்து மென்பொருளே ஒரு பெயர் வைத்துவிடும். பச்சை நண்டு, ஊதா முயல், சாம்பல் கழுகு என்று ஒரு மிருகக்காட்சிசாலையே அவள் திரையில் மேய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் மஞ்சள் ஒட்டகம் வந்தது.

முதலில் கத்திரிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒட்டகம் மற்ற கட்டங்களைச் சீந்தவே இல்லை. நேராகக் கீழே, வலது மூலையில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு கட்டத்துக்குப் போனது. 'திரும்பி வந்தவர்கள்' என்று அதற்குப் பெயர். ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்க வந்தார்கள் என்ற கணக்கு. ஒட்டகத்தின் அம்புக்குறி அங்கே இருந்த எண்களை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டுக்கொண்டே படித்தது. இடிக்கிற எண் வந்ததும் அதைச் சுற்றி இரண்டு சின்ன வட்டம் போட்டது. பிறகு பக்கத்து வெற்றிடத்துக்கு வந்து அப்படியே நின்றது, தாடையைச் சொறிவதற்காக ஒருவன் மவுஸிலிருந்து கையை எடுத்தால் நிற்குமே, அந்த மாதிரி.

கத்திரி திரைக்கு அருகில் குனிந்தாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அந்தத் தாடையையும் தெரியும். தினமும் காலையில் அதில் சோப்பு நுரையோடு வந்து துண்டு எங்கே என்று கேட்கிற தாடை அது.

அவள் புருஷன் டைல்ஸ் கம்பெனி ஒன்றில் விளம்பரம் பார்க்கிறவன். அவள் வரைகிற திரை எதுவானாலும் முதலில் உட்காருவது அவன்தான், கல்யாணமான புதிதிலிருந்து அப்படி ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைப்பாள். அவன் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்ய வேண்டும், அவள் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும், உதவி செய்யக்கூடாது. "வாரத்துல ஒரு நாளாவது நீ வாய மூடிட்டு இருக்க, அதுக்காகவே வருவேன்" என்பான். அவன் கை மேஜைமேல் எப்படிப் போகும் வரும் என்பது அவளுக்குத் தன் கையெழுத்தைப் போல அத்துப்படி.

ஆனால் அவன் கம்பெனியில் பயன்படுத்துவது வேறொருவர் விற்கிற மென்பொருள். இந்தப் பழைய திரையை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனதும் இல்லை. அவன் இதைப் பார்த்திருக்கவே வழியில்லை. பின்னே எப்படி?

மறுநாளும் ஒட்டகம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. எப்போதும் மதியச் சாப்பாட்டு வேளையில்தான்.

பக்கத்து நாற்காலியில் ப்ரோக்ராமர் ஒருவன் இருந்தான். ஏசி ஆகாது என்று எந்நேரமும் ஸ்வெட்டரோடு திரிவதால் அவனைக் கம்பளி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்களைத் திறக்கிற சாவி அவனிடம் இருந்தது.

"கம்பளி, ஒரே ஒரு ஒட்டகம். யாருன்னு மட்டும் சொல்லு" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவெல்லாம் பாத்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெளிய அனுப்பிருவாங்க. ஆள் பேர பாக்க மாட்டோம்னு சொல்லித்தான் அவங்ககிட்ட சம்மதம் வாங்கியிருக்கோம். காரணம் இருந்தா மேனேஜர்கிட்ட சொல்லு, அவர் சொன்னா நான் திறக்கறேன்."

காரணத்தை எப்படிச் சொல்வது? என் புருஷன் ஒட்டகமாகத் திரிகிறான் என்றா?

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற சாமானெல்லாம் சாட்சி சொல்ல வந்துவிடும். போனைக் கவிழ்த்து வைக்கிறான், முன்பெல்லாம் மல்லாக்க வைப்பானா கவிழ்த்து வைப்பானா? முன்பு அவள் கவனித்ததே இல்லை. இப்போது கவிழ்த்து வைப்பது மட்டும் குற்றமாகத் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவில் பாதி மீதி வருகிறது. சட்டைக் கை ஓரத்தில் கறுப்பாக ஏதோ கறை. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து வந்தது மசி?

யாருடைய கடைக் கணக்கை இப்படிப் பார்க்கிறான் என்று யோசித்தபோது அவளுக்குத் தோன்றியது ஒரே ஒரு ஆள். புருஷனோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தி, சிரித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும், அதனால் அவள் பெயரே சிரிப்பு. போன வருஷம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ கடை போட்டிருக்கிறாள் என்று புருஷனே சொல்லியிருக்கிறான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! அப்படிச் சாதாரணமாகச் சொன்னதே இப்போது இடித்தது.

"மத்தியானம் யார்கூட சாப்பிடுற?" என்று ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும்தான். ஏன்?"

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாரும். வருகைப் பதிவேடா எடுக்க முடியும்?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு உடனே பேச்சை மாற்றினான். மாற்றினானா, இல்லை பேச்சே அவ்வளவுதானா? எழவு, அதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் ஒட்டகம் வந்ததும் அவள் நேரலையில் பார்த்தாள். அம்புக்குறி ஓர் எண்ணை அடிக்கோடிட ஆரம்பித்தது. அவள் போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள். பாதிக் கோட்டில் அம்பு நின்றது.

"சொல்லும்மா."

"என்ன பண்ற?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன். எதாவது அவசரமா?"

"இல்ல. சும்மாதான்."

அவள் போனை வைத்தாள். அம்பு கொஞ்சநேரம் அப்படியே கிடந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து மீதிக் கோட்டைப் போட்டு முடித்தது. கத்திரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆத்திரத்தில் கம்பளியின் முதுகைப் பார்த்து "நாசமாப் போக" என்றாள். அவன் திரும்பி, "நான் என்ன பண்ணேன்?" என்றான் பரிதாபமாக.

இருந்தாலும் மனதின் ஒரு ஓரம் அவன் பக்கம் பேசிக்கொண்டுதான் இருந்தது. உலகத்தில் அடிக்கோடு போட்டுப் படிக்கிறவன் உன் புருஷன் ஒருவன்தானா? எத்தனையோ அம்பு நிற்கும், நகரும். நீ போன் செய்தபோது நின்றது தற்செயலாக இருக்கக்கூடாதா? நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் ஒருவனைக் கேட்டுவிட்டால், கேட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. கல்யாணம் என்ன திரையா, பிடிக்காததை வெட்டிவிட்டுப் பிடித்ததை ஒட்டிக்கொள்ள? எனவே நிச்சயமாகத் தெரியவேண்டும் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்ததை நியாயம் என்றே அன்று நினைத்தாள்.

புதுத் திரையை அவள் வரைந்து வைத்திருந்தாள். கட்டங்களில் முக்கால்வாசியை வெட்டித் தள்ளியாகிவிட்டது. 'திரும்பி வந்தவர்கள்' கட்டத்தையும் வெட்டுவதாகத்தான் இருந்தாள், இப்போது வெட்டவில்லை. அந்த எண்ணை எடுத்துத் திரையின் உச்சியில், குருடனுக்கும் தெரிகிற அளவில் போட்டாள். கீழே வலது மூலையைக் காலியாக விட்டாள்.

வரவேற்பில் உட்காருகிற பெண்ணைக் கூப்பிட்டு, "ரெண்டாவது தடவை வாங்க வந்தவங்க எத்தனை பேர்னு கண்டுபிடி" என்றாள். பழைய திரையைப் பார்த்தே இராத அந்தப் பெண், "இதோ மேலயே இருக்கே, இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்று அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அடுத்து கம்பளியை உட்காரவைத்தாள். அவன் பழைய திரையில் புழங்கியவன். அவன் கை யோசிக்காமல் கீழே வலது மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திகைத்து, பிறகு மேலே வந்தது.

பொறி தயார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கம்ப்யூட்டரை வைத்தாள். அவன் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டான்.

"சோதனை எலி ரெடி. இன்னிக்கு என்ன?"

"புது டாஷ்போர்டு. ரெண்டாவது தடவை வந்த கஸ்டமர் எத்தனை பேர்னு பாத்துச் சொல்லு. வழக்கம்போல மனசுல வர்றத வாய்விட்டுச் சொல்லணும்."

"தெரியும் டீச்சர்."

மவுஸை எடுத்தான். கத்திரி அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் வேண்டாத தெய்வமில்லை. மேலே போ, மேலே பார், என்று மனதுக்குள் கெஞ்சினாள். அந்த நொடியில் அவளுக்கு வேண்டியிருந்தது உண்மை இல்லை, தன் சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அம்பு வழுக்கிக்கொண்டு கீழே வலது மூலைக்குப் போய் நின்றது.

"ம்... இங்கதான இருந்துச்சு, எங்க போச்சு" என்றான், அவள் கற்றுக்கொடுத்தபடி, வாய்விட்டு.

 அடுப்பில் பால் காய்கிற சத்தம் கேட்டது. அவன் கழுத்து மெதுவாக இறுகுவது அவளுக்குத் தெரிந்தது.

"எங்க இருந்துச்சு?" என்றாள். பேசக்கூடாது என்ற விதியை முதல் தடவையாக மீறினாள்.

"இல்ல... பொதுவா இந்த மாதிரி..."

"இந்த ஸ்க்ரீன நீ பாத்ததே இல்லையேப்பா. உன் கம்பெனில இது கிடையாது. யாரோடது? அந்தச் சிரிப்புக்குத்தான தினமும் உக்காந்து பாக்குற? சாப்பிட்டுட்டு இருக்கேன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டு!"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சிரிப்பா? அவளுக்கும் எனக்கும் என்ன? அவ கடையில கேக்கு விக்கிறா, டாஷ்போர்டா பாக்கறா?" என்றவன் ஒரு பெருமூச்சு விட்டான். "உன் தம்பியோடது."



தம்பி என்ற சொல் அந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் புழங்குவதில்லை. அவள்தான் கெஞ்சிக் கூத்தாடித் தன் கம்பெனியிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் அவன் எழுந்து போனவன் போனவன்தான். போனை அணைத்துவிட்டான். "உங்க தம்பிதானே?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டபோது அவள் தலைகுனிந்து நின்றாள். இனிமேல் அவன் பேச்சை இங்கே எடுக்கக்கூடாது என்று அன்றைக்கு வெட்டியதுதான்.

"சைக்கிள் கடை வெச்சிருக்கான்" என்றான் புருஷன். "என் ஆபீஸுக்குப் பின்னாடி தெரு. பழைய சைக்கிள வாங்கிச் சரிபண்ணி விக்கறான். நல்லாத்தான் பண்றான். இருக்கறதுலயே உங்க கம்பெனி மென்பொருளத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கான். அக்கா கம்பெனியோடது, நல்லாத்தான் இருக்கும்னு."

சட்டைக் கையிலிருந்த கறை மசி இல்லை, சைக்கிள் சங்கிலியின் கிரீஸ் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"பேச்ச எடுக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு? அவனும், அக்காவுக்குத் தெரிஞ்சா கத்திருவா மாமா, சொல்லாதீங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டான். சரி, நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"தினமும் போகணுமா?"

"உங்க ஸ்க்ரீன் அவனுக்குப் புரிஞ்சிருந்தா நான் எதுக்குப் போறேன்? ஒரு எழவும் புரியல மாமா, நீங்க வந்து படிச்சுச் சொல்லுங்கன்னு நிக்கறான். வாங்கினவன் திரும்பி வர்றானா இல்லையா, அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான். அத மூலையில கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

கத்திரிக்கு மனதிலிருந்த பாரம் இறங்கியது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவன் தோளில் கைவைத்து, "போடா, ஒரு வாரமா உயிர வாங்கிட்ட" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் கேட்டான்.

"ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சொன்னாள். ஒட்டகத்தைச் சொன்னாள், அடிக்கோட்டைச் சொன்னாள், இரண்டு வட்டத்தைச் சொன்னாள். ஒரு வேடிக்கைக் கதை போலச் சொல்லத்தான் முயன்றாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் வேடிக்கை இல்லாமல் போவது தெரிந்தது.

"நீ போன் பண்ணி என்ன பண்றன்னு கேட்டப்போ?"

அவள் மேஜைத் துணியை எடுத்து மடித்தாள்.

"அப்பவும் பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

"நீ பொய்தான சொன்ன!"

"சொன்னேன். இல்லைங்கல. ஆனா நீ பதிலத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கேட்ட." அவன் திரையைக் காட்டினான். "இதுவும் டெஸ்ட் இல்ல, இல்லையா? எனக்காக வெச்சதா?"

"எனக்குப் பயமா இருந்துச்சுப்பா."

"பயமா இருந்தா கேட்டிருக்கலாம்" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டு, இரண்டு பேரும் தீர்த்திருப்பார்கள். அவன் மவுஸை மேஜைமேல் மெதுவாக வைத்தான், கண்ணாடிச் சாமானை வைப்பது போல. எழுந்து போய்ப் பால் பொங்குகிற அடுப்பை அணைத்தான்.

அன்று சாயங்காலமே அவள் புருஷனிடம் நம்பர் வாங்கித் தம்பிக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் ரேடியோ ஒன்று அணைந்தது. அப்புறம், "அக்கா, உங்க ஸ்க்ரீன பத்திப் பொய் சொல்லட்டுமா, உண்மையச் சொல்லட்டுமா?" என்றான். "உண்மையச் சொல்லுடா தடிமாடு" என்றாள். அவன் ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியில், "வேலைய விட்டுட்டு ஓடினப்போ உன் முகத்தப் பாக்கத் தைரியம் வரலக்கா" என்றான். அந்த வழக்கு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

புருஷன் அவளோடு பேசாமல் இல்லை. எப்போதும்போல் துண்டு எங்கே என்று கேட்டான், தம்பியைக் கிண்டல் செய்தான். ஆனால் அவள் அறைக்குள் வந்தால் அவன் கை மவுஸிலிருந்து தானாக எழுந்து மடிக்கு வந்துவிடும். அவனுக்கே அது தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேஜையைத் துடைத்துக் கம்ப்யூட்டரை வைத்தபோது, "ஆபீஸ்லயே யாரையாவது பாக்கச் சொல்லேம்மா, எனக்கு வெளிய வேலை இருக்கு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வெளியே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வந்தான்.

புதுத் திரை வெளியானது. மேனேஜர் கைகுலுக்கினார். வாடிக்கையாளர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்கக் கத்திரியும் கம்பளியும் ரெக்கார்டிங்கைத் திறந்து உட்கார்ந்தார்கள். பச்சை நண்டு சந்தோஷமாக மேய்ந்தது. ஊதா முயல் ஒரே தாவலில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனது. மதியம், மஞ்சள் ஒட்டகம் வந்தது. தம்பிக்கு அன்று கொள்முதல் வேலை, மத்தியானம் கடையில் மாமாதான் உட்கார்ந்திருப்பார் என்று அவன் காலையிலேயே போனில் சொல்லியிருந்தான்.

பார்க்காமல் அடுத்ததுக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை.

அம்புக்குறி திரையின் ஒரு மூலையில் போய் ஒதுங்கி நின்றுவிட்டது. கீபோர்டின் பொத்தான்களை மட்டும் தட்டித் தட்டி ஒட்டகம் ஒவ்வொரு எண்ணாகத் தாண்டிப் போனது. அடிக்கோடு இல்லை, வட்டம் இல்லை. முடித்துவிட்டு வெளியேறியது.

"இவன் என்ன மவுஸையே தொடல?" என்றான் கம்பளி. "அதுல எதாவது கோளாறா? குறிச்சுக்கட்டுமா?"

"கோளாறு இல்ல" என்றாள் கத்திரி. "யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சிருச்சு."